இரண்டு இருக்கை, நீண்ட ஊர்வலம்

அமெரிக்காவின் டென்னசி, வட கரோலினா மாநிலங்கள் தொட்டுக்கொள்ளும் மலை எல்லையில் டீல்ஸ் கேப் என்றொரு கணவாய் இருக்கிறது. அங்கே ஒரு மோட்டல், ஒரு பெட்ரோல் பங்க், பிறகு ஒரு மரம். மரத்தில் தொங்குவது பழமல்ல. உடைந்த ஹேண்டில்பார், நசுங்கிய சைலன்சர், கீறல் விழுந்த ஹெல்மெட். பக்கத்து வளைவுகளில் விழுந்து எழுந்தவர்கள் தங்கள் வண்டியில் மிஞ்சியதைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போகிறார்கள். ‘அவமான மரம்’ என்றே அதற்குப் பெயர்.

இந்தக் கணவாய் வழியாகப் போகும் யுஎஸ் 129 சாலையில் 11 மைலுக்குள் 318 வளைவுகள் இருப்பதாகச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். ‘டிராகனின் வால்’ என்று அழைக்கப்படுவது இந்தத் துண்டுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் சராசரியாக 56 மீட்டருக்கு ஒரு வளைவு. எல்லாம் கொல்லிமலை மாதிரி கொண்டை ஊசி அல்ல. ஆனால் ஒன்று முடியும் முன்பே அடுத்தது வந்துவிடும். அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போனாலே நான்கு விநாடிக்கு ஒரு தரம் ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டியிருக்கும். ஒரு பக்கம் தேசியப் பூங்காவின் காடு. குறுக்குச் சாலை கிடையாது, வீட்டு வாசல் கிடையாது.

ஆண்டுக்கொரு முறை இங்கே ஒரே ஜாதிக் கார்களாக வந்து குவிகின்றன. ‘மியாட்டாஸ் அட் தி கேப்’ என்பது அந்தக் கூட்டத்தின் பெயர். இரண்டே இருக்கை, துணிக் கூரை, இடுப்பளவு உயரம். பக்கத்தில் ஒரு ஜீப் நின்றால் பொம்மை போலத் தெரியும்.

நம் ஊர்க்காரரிடம் ‘மாஸ்டா’ என்று சொன்னால் நினைவுக்கு வருவது பள்ளிக்கூட வேன்தான். 1980களில் பஞ்சாபில் தொடங்கிய ஸ்வராஜ் மாஸ்டாவின் வேன்களும் சின்ன லாரிகளும் ஓடாத ஊர் தமிழ்நாட்டில் இருந்திருக்காது. அதற்குப் பெயர் தந்த ஜப்பானிய நிறுவனமான மாஸ்டா, அதே பத்தாண்டில், ஹிரோஷிமாவில் செய்துகொண்டிருந்த இன்னொரு வேலையின் விளைவு இந்தக் கார். ஜப்பானில் ‘ரோட்ஸ்டர்’, ஐரோப்பாவில் ‘எம்எக்ஸ்-5’, அமெரிக்காவில் ‘மியாட்டா’. உலகில் அதிகம் விற்ற இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் என்று 2000இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அப்போது எண்ணிக்கை 5,31,890. பத்து லட்சமாவது கார் 2016 ஏப்ரல் 22 அன்று வெளியே வந்தது.

விற்பனைக் கணக்கைவிட விசித்திரமான கணக்கு ஒன்று உண்டு. 2013 ஜூனில் நெதர்லாந்தின் லெலிஸ்டாட் சோதனைத் தடத்தில் 683 எம்எக்ஸ்-5 கார்கள் வரிசையாக ஓடின. ஒரே மாடல் கார்களின் ஊர்வலத்துக்காக இன்னொரு கின்னஸ் சான்றிதழ் வாங்கினார்கள். ஓட்டுநருக்கும் ஒரே ஒரு துணைக்கும் மட்டும் இடமுள்ள கார் எதற்காக இப்படிக் கூட்டம் சேர்க்கிறது? தனியாகக் காற்று வாங்கப் போகத்தானே இதை வாங்குகிறார்கள்?

*

விடையில் பாதி கார் பிறந்த கதையிலேயே இருக்கிறது. பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார் பத்திரிகையாளர், 1979இல் மாஸ்டாவின் ஆராய்ச்சித் தலைவர் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தார். யமமோட்டோ சாதாரண ஆளல்ல. ரோட்டரி எஞ்சினை ஓடவைத்த பொறியாளர் அணிக்குத் தலைமை தாங்கியவர். அடுத்து என்ன கார் செய்யலாம் என்ற பேச்சில் ஹால் கேட்டது புதுமையான எதையும் அல்ல. முன்னால் எஞ்சின், பின்சக்கரங்களுக்கு விசை, மேலே திறந்த வானம், கையில் அடங்கும் எடை. பழைய பிரிட்டிஷ் கார்கள் மாதிரி ஒன்று. அந்தக் கார்கள் அப்போது ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. எம்ஜிபி உற்பத்தி 1980இல் நின்றே போனது.

யமமோட்டோவுக்கு அந்த ருசி எப்படிப் பிடிபட்டது என்பதற்கு மாஸ்டா வட்டாரத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை, ஹகோனே மலைப்பாதையில் அவர் ஒரு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை ஓட்டிப் பார்த்தது. வேகமான கார் அல்ல அது. மலையில் இறங்கியபோது அவருக்குப் புரிந்தது வேகமும் அல்ல.

ஹாலே 1981இல் மாஸ்டாவின் கலிஃபோர்னியா கிளையில் வேலைக்குச் சேர்ந்தார். டோக்கியோ அணியும் கலிஃபோர்னியா அணியும் ஆளுக்கொரு வடிவத்தை முன்வைத்துப் போட்டி போட, பின்சக்கர விசையைப் பிடிவாதமாகக் கேட்ட கலிஃபோர்னியா வென்றது. 1985இல் இங்கிலாந்தின் வொர்திங்கில் கையால் கட்டிய மாதிரிக் காரை சாண்டா பார்பரா தெருக்களில் ஓட்டிப் பார்த்தார்கள். ரகசியமாகச் செய்யவேண்டிய சோதனை. தெருவில் பார்த்தவர்களோ பின்னாலேயே துரத்திவந்து, இது என்ன வண்டி, எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். ஒருவகையில் இந்தக் காரின் முதல் கூட்டுப் பயணம் அதுதான். முன்னால் போனவர்கள் ஆசைப்பட்டு நடத்தியதல்ல என்பது மட்டும் வித்தியாசம்.

தோஷிஹிகோ ஹிராய் தலைமையிலான அணி அதை முழுக் காராக்கி, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் நிறுத்தியது. 1.6 லிட்டர் எஞ்சின், அமெரிக்கப் பதிப்பில் 116 குதிரைசக்தி, ஒரு டன்னுக்கும் குறைவான எடை, 13,800 டாலர் விலை. ஹிராய் அணி வைத்துக்கொண்ட தாரகமந்திரம் ‘ஜின்பா இத்தாய்’: குதிரையும் அதன் மேல் இருப்பவனும் ஓருடல். எக்ஸாஸ்ட் சத்தத்தைக்கூட விட்டுவைக்காமல் ஸ்ருதி சேர்த்தார்கள். முதல் வருடம் அமெரிக்காவில் பட்டியல் விலைக்கு மேலே பணம் கொடுத்து வாங்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். காரின் பொறியாளர்களுள் ஒருவரான நார்மன் காரெட் முன்னின்று தொடங்கிய அமெரிக்க மியாட்டா சங்கம், கார் வந்த சூட்டோடு உருவாகிவிட்டது.

116 குதிரைசக்தி என்பது இன்று ஒரு நடுத்தரக் குடும்பக் காரில் இருக்கும் சக்தி. பந்தயத் தடத்தில் இதை வைத்து யாரையும் மிரட்ட முடியாது. ‘சலூன்காரர் கார்’ என்று இங்கிலாந்தில் நெடுநாள் கேலி செய்தார்கள். அந்தக் கேலியே நல்லதாகப் போயிற்று என்று சொல்ல வேண்டும். பெருமைக்காக வாங்குகிறவன் வேறு கடைக்குப் போய்விட்டான். ஓட்டுவதற்காக வாங்குகிறவன் மிஞ்சினான். கோடிக்கணக்கில் விலையுள்ள கார்களின் ஊர்வலம் நகைக்கடை விளம்பரம் போலத் தோன்றும். கீறல் படுமோ என்ற பயத்தில் பாதி மனம் பார்க்கிங்கிலேயே இருக்கும். பழைய மியாட்டா வைத்திருப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் சாவியைத் தூக்கிப் பக்கத்து ஆளிடம் கொடுத்து, ‘ஒரு ரவுண்டு போய்வா’ என்று சொல்லக்கூடியவர்.

*

கூட்டுப் பயணத்தை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதுதானே, அதில் என்ன இருக்கிறது என்று நினைப்பார்கள். பத்துக் கார்களை ஒரு மலைப்பாதையில் சிதறாமல் கொண்டுபோவது, கல்யாண வீட்டு ஆட்களை மூன்று பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோவதைவிடக் கஷ்டம்.

காலையில் ஒரு பார்க்கிங்கில் கூடுவதில் ஆரம்பிக்கிறது. பெட்ரோல் டேங்கை நிரப்பிக்கொண்டு வரச் சொல்லியிருப்பார்கள், வயிற்றைக் காலிசெய்துவிட்டும். ஐந்து நிமிடம் தலைவர் பேசுவார்: போகும் வழி, நிறுத்தங்கள், வாக்கி-டாக்கி அலைவரிசை, வரிசைக்குள் யாரும் யாரையும் முந்தக் கூடாது. கூட்டம் பெரிதென்றால் எட்டுப் பத்துக் கார்களாகப் பிரித்துவிடுவார்கள். நிதானமாக ஓட்டுகிறவர்கள் ஒரு குழு, சுறுசுறுப்பானவர்கள் ஒரு குழு. இதில் ரோஷம் பார்க்கிறவர்கள்தான் பிறகு மரத்தில் எதையாவது தொங்கவிட நேர்கிறது.

முன்னால் போவது தலைமைக் கார். கடைசியில் வருவதற்கும் ஓர் ஆள் உண்டு. துடைப்பக் கார் என்ற பொருளில் ‘ஸ்வீப்’ என்கிறார்கள், தமிழில் வால் கார் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். குழுவிலேயே அனுபவம் கூடியவர்கள் இந்த இரண்டிலும் உட்காருவார்கள். நடுவில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு கடமை: பின்னால் வருகிறவனைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பது. முன்னால் போகிறவனைத் துரத்துவது அல்ல. சாலை பிரியும் இடம் வந்தால், பின்னால் இருப்பவன் தன் இண்டிகேட்டரைப் பார்த்துவிட்டான் என்று தெரியும்வரை திரும்பக் கூடாது. ஒருவன் நின்றால் அவனுக்கு முன்னால் இருப்பவன் கண்ணாடியில் ஆளைக் காணாமல் தானும் நிதானிப்பான். அவனுக்கு முன்னவனும் அப்படியே. சங்கிலி பிடித்தாற்போல் விஷயம் தலைமைக் கார்வரை போய்ச் சேர்ந்துவிடும். வாக்கி-டாக்கி வேலை செய்யாத மலை மடிப்பிலும் இது வேலை செய்யும்.

மிகவும் தொல்லை தருவது ரப்பர் பேண்ட் விளைவு. பத்துக் கார்கள், நடுவே ஒன்பது இடைவெளிகள், ஒவ்வொன்றும் இரண்டு விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஊருக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, கார்களின் நீளத்தை விட்டுவிட்டால், மொத்த வரிசையும் 200 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஊர் முடிந்ததும் தலைமைக் கார் 80க்குப் போகிறது. அதே இரண்டு விநாடி இப்போது 44 மீட்டர். வரிசை 400 மீட்டராக நீள்கிறது. கடைசி ஆட்களோ இன்னும் ஊருக்குள், பள்ளிக்கூட வாசலில் ஊர்ந்துகொண்டிருக்கிறார்கள். முன்னால் பார்த்தால் சாலை காலி. விட்டுவிட்டுப் போய்விட்டார்களோ என்ற பதற்றத்தில் மிதிக்கிறார்கள். விபத்து அங்கேதான் காத்திருக்கிறது, தலைவர் அழகாக எடுத்த வளைவில் அல்ல. தலைவர் 50 ஓட்டினால் வாலில் இருப்பவர் 70 ஓட்டவேண்டியிருக்கும் என்று பழகியவர்கள் சொல்வது இதைத்தான். ஊர் தாண்டியதும் வேகத்தைக் கூட்டாமல், வால் கார் வெளியே வந்தாயிற்று என்ற குரல் வாக்கி-டாக்கியில் வரும்வரை தலைவர் உருட்டிக்கொண்டு போகவேண்டும். வேகமாக ஓட்டத் தெரிந்தவன் எல்லாம் தலைவனாகிவிட முடியாது. மெதுவாக ஓட்டப் பொறுமை இருக்கவேண்டும்.

சாலை ஓரத்தில் குடியிருப்பவர் பார்வையில் இந்த ஊர்வலம் எப்படியிருக்கும் என்பதையும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை காய்கறி வாங்கக் கிளம்பியவர் முன்னால் இருபது கார்கள் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் அவர் எதைத்தான் முந்துவார்? நல்ல குழுக்கள் உள்ளூர் வண்டி பின்னால் வந்தால் ஒதுங்கி வழிவிடுகின்றன. மற்ற குழுக்களால் எல்லோருக்கும் கெட்ட பெயர். யோகோஹாமாவின் டைகோகு பார்க்கிங் பகுதி ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களின் இரவுச் சந்திப்புக்கு உலகப் புகழ் பெற்றது. கூட்டமும் சத்தமும் மிஞ்சும் இரவுகளில் போலீஸ் அதை மூடிவிடுவதும் அதே அளவு புகழ் பெற்றது.

*

ஜப்பானில் இந்தக் காருக்கு ஒரு திருவிழா உண்டு. நாகானோ மாகாணத்தின் கருய்சாவா குளிர்ந்த மலை ஊர். டோக்கியோக்காரர்கள் வெயிலுக்குத் தப்பி ஓடும் இடம், நமக்குக் கொடைக்கானல் மாதிரி. அங்கே 1993 முதல் ரோட்ஸ்டர்க்காரர்கள் கூடுகிறார்கள். மே மாதக் கடைசியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் வந்து நிற்கும். 1989இன் முதல் தலைமுறை, 1998இன் இரண்டாவது, 2005இன் மூன்றாவது, 2015இன் நான்காவது. தாத்தா, அப்பா, பிள்ளை, பேரன் என்று ஒரே முகச்சாயல்.

அங்கே வேடிக்கை என்னவென்றால், காரைச் செய்த பொறியாளர்களே விருந்தாளிகளாக வந்துவிடுகிறார்கள். மேடையில் பேசுகிறார்கள். பிறகு கீழே இறங்கி, ஆட்கள் நீட்டும் சன் வைசரிலும் கையுறைப் பெட்டி மூடியிலும் கையெழுத்துப் போடுகிறார்கள். சினிமா நடிகருக்குக் கிடைக்கும் வரிசை, சஸ்பென்ஷன் வடிவமைத்தவருக்குக் கிடைக்கிறது. இருபதாம் ஆண்டுக்கும் முப்பதாம் ஆண்டுக்கும் மாஸ்டா தன் மியோஷி சோதனைத் தடத்தையே உரிமையாளர்களுக்குத் திறந்துவிட்டது. பத்து லட்சமாவது காரை உலகம் முழுக்க விழாக்களுக்கு அனுப்பியபோது கையெழுத்து திசை மாறியது: இந்தத் தடவை ரசிகர்கள் காரின் உடம்பில் எழுதினார்கள்.

2017இல் மாஸ்டா இன்னொரு காரியம் செய்தது. முதல் தலைமுறைக் கார்களைப் புதிதாக்கித் தரும் சேவையை அறிவித்து, உரிமையாளர்களிடமே போய் என்ன வேண்டும் என்று கேட்டது. விளைவாக, கைவிடப்பட்ட பாகங்கள் மறுபடியும் தயாரிக்கப்பட்டன. நார்டி மர ஸ்டீயரிங், மரக் கியர் குமிழ், அசல் போலவே தைத்த கூரைத்துணி. பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் எஸ்எஃப்325 என்ற பழைய டயரை 185/60, 14 அங்குல அளவில் மறுபடியும் தயாரித்தது. டயரின் கோடுகள்கூடப் பழையபடி வேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளர்களை வேறெந்தக் காருக்கு எங்கே தேடுவது!

*

ஆனால் இந்தப் பொழுதுபோக்கு உண்மையில் கைமாறுவது மேடையில் அல்ல, யாரோ ஒருவர் வீட்டு ஷெட்டில். முப்பது வருடப் பழைய முதல் தலைமுறைக் காரைப் புதிதாக வாங்கிய ஓர் இளைஞனை வைத்துக்கொள்வோம். அவனுக்குக் கூட்டம் கற்றுத்தரும் முதல் பாடம் ஓட்டுவது அல்ல, கூரையை இறக்குவது. முன் கண்ணாடி விளிம்பில் இரண்டு கொக்கிகள்; அவற்றை விடுவிக்கும் முன், பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பைச் சுற்றிலும் அவிழ்த்து, அதைத் தட்டையாகப் படுக்கவைக்கவேண்டும். அவிழ்க்காமல் மடக்கினால் பிளாஸ்டிக் மடிந்து, மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்து, ஒரு குளிர்காலத்தில் கிழியும். பழகிய கை உட்கார்ந்த இடத்திலிருந்தே சில விநாடிகளில் இதைச் செய்துவிடும்.

இரண்டாவது பாடம் தண்ணீர். கூரையில் வழியும் மழை, இருக்கைக்குப் பின்னால் சீட் பெல்ட் கோபுரங்களுக்கு அருகே உள்ள இரண்டு துளைகள் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியேறும். மரத்தடியில் நிறுத்திய காரில் இலைச்சருகும் மண்ணும் அந்தத் துளையை அடைத்துவிடும். தண்ணீர் தேங்கும், ஒரு பகுதி உள்ளே வந்து தரைவிரிப்பை நனைக்கும், மீதி கதவுக்குக் கீழுள்ள சட்டத்துக்குள் புகுந்து உள்ளிருந்தே துருவை வளர்க்கும். வெளியில் பெயிண்ட் பளபளப்பாக இருக்க, உள்ளே தகடு அப்பளமாகியிருக்கும். மெக்கானிக் கடையில் இதை முதலிலேயே பார்க்கத் தோன்றுவது அபூர்வம். பழைய உறுப்பினருக்கோ விரல் நேராக அங்கேதான் போகும். வளையும் நைலான் கம்பி ஒன்றை மெல்ல விட்டு ஆட்டுவார், ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவார், கீழே குனிந்து சொட்டுகிறதா என்று பார்ப்பார். குபுக்கென்று கறுப்பாகக் கொட்டும்போது சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். வெளியாட்களுக்குப் பைத்தியமாகத்தான் தெரியும்.

டைமிங் பெல்ட் மாற்றுவதும் இப்படி ஒரு சனிக்கிழமை வேலையாக முடிந்துவிடுகிறது. முதல் தலைமுறையின் 1.6 எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. வண்டி நடுவழியில் நிற்கும், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். கற்றுக்குட்டிகளிடம் ஸ்பேனரைக் கொடுக்கப் பெரியவர்களுக்குத் தைரியம் வருவது இந்த ஒரு சலுகையால்தான். இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களில் மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக் பலகையும் எச்சரிக்கை ஸ்டிக்கரும்தான் தெரிகின்றன. ஷெட்டில் நாலு பேர் கூடி என்ன செய்வது, கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று பார்ப்பதா?

முதல் தலைமுறைக் காரில் ஹெட்லைட் மூடியிருக்கும். பட்டனை அழுத்தினால் தவளைக் கண் போல எழும். பகலில் விளக்கை எரியவிடாமல் கண்ணை மட்டும் தூக்க டாஷ்போர்டில் தனிப் பட்டன் உண்டு. எதிரே இன்னொரு மியாட்டா வந்தால் சிலர் அதை அழுத்தி வணக்கம் சொல்கிறார்கள். இரண்டாம் தலைமுறையில் இந்த விளக்கை எடுத்துவிட்டார்கள். அந்தக் கார்க்காரர்கள் கையை ஆட்டுகிறார்கள்.

*

சாமான் வைக்க இடம் இல்லாததும் கூட்டத்துக்கு ஒரு காரணம்தான். பழைய மியாட்டாவின் டிக்கியில் உதிரிச் சக்கரம் இருக்கிறது, பேட்டரியும் அங்கேயே இருக்கிறது. மீதியில் இரண்டு பைகள் வைத்தால் மூடி முனகும். ஆகவே நீண்ட பயணங்களில் சாமானைப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு காரில் ஜாக், இன்னொன்றில் ஸ்பேனர் பெட்டி. கூலன்ட் கேன், ஃபியூஸ்கள், டக்ட் டேப், ஒரு பழைய ரேடியேட்டர் ஹோஸ் இவையெல்லாம் வால் காருக்குப் போகும். ஏனென்றால் நின்றுபோன எந்தக் காரையும் வால் கார் தாண்டிப் போகாது.

டிராகனின் வாலை 30 மைல் வேகத்தில் ஒழுங்காக ஓட்டினால் 22 நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் வந்தவர்கள் காரை நிறுத்தி, சூடான பிரேக் வாசனையில் நின்றபடி, எந்த வளைவை எந்தக் கியரில் எடுத்தோம் என்று கைகளால் காற்றில் வரைந்து காட்டுகிறார்கள். வளைவுகளில் கேமராவோடு உட்கார்ந்திருந்த தொழில்முறைப் படக்காரர்கள் தங்களை எடுத்திருப்பார்களா, எவ்வளவுக்கு விற்பார்கள் என்று ஒரு பேச்சு. தலைவர் மட்டும் அதில் கலக்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு கார்களை எண்ணுகிறார். ஏழு, எட்டு. ஒன்பதாவது இன்னும் வரவில்லை. வாக்கி-டாக்கி கரகரக்கிறது: வளைவோரம் நிறுத்தியிருக்கிறோம், ஒரு ஹோஸ் கிளிப் கழன்றுவிட்டது, மாட்டிக்கொண்டிருக்கிறோம். தலைவர் சரி என்கிறார். எஞ்சினை அணைத்துவிட்டு, கூரையில்லாத காரின் கதவு விளிம்பில் உட்கார்ந்துகொள்கிறார்.